காலில் தோல்வார்... கண்ணுக்குத் தொப்பி!

தட்டான் பிடித்து விளையாடியிருக்கிறீர்களா, நண்பர்களே? வாலில் நூலைக் கட்டிப் பறக்கவிடுவார்கள். தட்டான் நாலு முழம் பறக்கும். நூல் இழுத்ததும் திரும்பி விழும். கொஞ்ச நேரத்தில் சோர்ந்துபோகும். சில சமயம் வாலே அறுந்துவிடும். பாவம்!

இப்போது ஒரு கற்பனை. தட்டான் இருந்த இடத்தில் ஒரு ராஜாளி. வளைந்த அலகு, கத்தி போன்ற நகங்கள், காலில் ஒரு தோல்வார். ஆனால், அந்த வாரைப் பிடித்து யாரும் இழுக்கவில்லை. ஒருவர் கையை உயர்த்துகிறார். பறவை எழும்புகிறது. மேலே, மேலே போய் வானத்தில் ஒரு புள்ளியாகிவிடுகிறது. கயிறு எதுவும் கிடையாது. அது நினைத்தால் அப்படியே போய்விடலாம். ஆனால், அவர் கூப்பிட்டதும் சர்ரென்று இறங்கி, அவர் கையிலேயே வந்து உட்காருகிறது!

இது மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. வேட்டைப் பறவைகளைப் பழக்கும் பழைய கலை இது. இதற்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் ஒரு பள்ளிக்கூடப் பைக்குள் அடங்கிவிடும். அந்தப் பையைத்தான் இன்று திறந்து பார்க்கப்போகிறோம்.

பக்கத்து மாநிலத்துப் புத்தகம்

ஓசூரில் பஸ் ஏறி ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அங்கிருந்து கர்நாடகம். அந்த மாநிலத்தின் வடகோடியில், பீதர் மாவட்டத்தில் பசவகல்யாண் என்று ஓர் ஊர் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் அதுதான் கல்யாணி சாளுக்கியர்களின் தலைநகரம். அங்கே ஆண்ட மூன்றாம் சோமேசுவரன் என்ற அரசர் 'மானசோல்லாசம்' என்ற பெரிய சமஸ்கிருத நூலை எழுதினார். சமையல், யானை, இசை, விளையாட்டு என்று அரசர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய எல்லாமே அதில் இருக்கின்றன. உளுந்து மாவில் செய்யும், இட்லியின் பாட்டி என்று சொல்லத்தக்க ஒரு பலகாரம்கூட அதில் வருகிறது! வேட்டைப் பறவைகளைக் கொண்டு வேட்டையாடுவதும் அந்த நூலில் ஒரு பகுதி.

பின்னாளில் டில்லி, ஆக்ரா பக்கம் முகலாய அரசர்களுக்கு இதில் மிகுந்த ஆசை இருந்தது. அக்பரின் பறவைகளைப் பற்றி அபுல் பசல் 'அயினி அக்பரி'யில் எழுதிவைத்திருக்கிறார். பஞ்சாபின் மாநிலப் பறவை இன்றைக்கும் 'பாஜ்' என்ற வேட்டைப் பறவைதான்.

அரபு நாடுகளில் இந்தக் கலை இன்னும் உயிரோடு இருக்கிறது. உங்கள் மாமாவோ சித்தப்பாவோ துபாய், அபுதாபி பக்கம் வேலை பார்த்தால் கேட்டுப்பாருங்கள். அங்கே ராஜாளிகளுக்குத் தனி பாஸ்போர்ட் உண்டு! அபுதாபியில் 1999-ஆம் ஆண்டு முதல் ராஜாளிகளுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி நடக்கிறது.

சரி, பைக்குள் கைவிடுவோமா?

ஒரு சாண் தோல்வார்

முதலில் வருவது கால்வார். இரண்டு கால்களுக்கும் தனித்தனியாக ஒவ்வொரு வார். நீளம் ஏறக்குறைய ஒரு சாண். பறவை கையில் உட்கார்ந்திருக்கும்போது அந்த வார்களைப் பழக்குபவர் தம் விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொள்வார்.

எந்தத் தோலும் இதற்கு ஆகாது. மெலிதாகவும் இருக்க வேண்டும், அறுந்தும் போகக்கூடாது. இன்றைக்குப் பலர் விரும்புவது கங்காருத் தோல். கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை போகும் வழியில் வாணியம்பாடி, ஆம்பூர் வருகின்றன அல்லவா? தோல் பதனிடுவதில் பேர்போன அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் ஒன்று சொல்வார்கள்: தோல் காய்ந்தால் விறைத்துவிடும். விறைத்த வார் பறவையின் மெல்லிய காலை அறுத்துப் புண்ணாக்கும். அதனால் பறவை பழக்குபவர்கள் அடிக்கடி வாருக்கு எண்ணெய்ப்பசை பூசி மிருதுவாக வைத்துக்கொள்வார்கள்.

இரண்டு வார்களின் நுனியும் ஒரு சுழல் வளையத்தில் மாட்டப்படும். நாய்ச் சங்கிலியில் பார்த்திருப்பீர்களே, நாய் எத்தனை முறை சுற்றினாலும் சங்கிலி முறுக்கிக்கொள்ளாமல் சுழன்றுகொடுக்கும், அதே மாதிரி வளையம்தான். இது இல்லாவிட்டால், பறவை இப்படியும் அப்படியும் திரும்பும்போது வார்கள் முறுக்கிக் காலை இறுக்கிவிடும். வளையத்துக்குப் பின்னால் ஒரு நீளக் கயிறு. அதை உட்காரும் கட்டையில் கட்டுவார்கள். பறவை ஒரு கையில் இருப்பதால் முடிச்சை மற்றொரு கையால் மட்டுமே போட வேண்டும், அவிழ்க்க வேண்டும். முயன்று பாருங்களேன், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்!

பறக்கவிடும் நேரம் வந்ததும் வளையத்தையும் கயிற்றையும் கழற்றிவிடுவார்கள். காலில் வார் மட்டும் மிஞ்சும்.

உயிர் காத்த ஓட்டை

இங்கேதான் ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. பழைய கால்வாரின் நுனியில் வளையத்தை மாட்டுவதற்காக ஒரு கீறல் இருக்கும். வேட்டையின்போது பறவை வழிதவறிப் போய்விட்டால்? ஒரு முள்மரத்தில் உட்காரும். அந்தக் கீறலுக்குள் ஒரு குச்சி நுழைந்துவிட்டால் அவ்வளவுதான். பறவை தலைகீழாகத் தொங்கும். காப்பாற்ற ஆள் வராவிட்டால் செத்துப்போகும். விடுதலை கிடைத்தும் காலில் இருந்த ஒரு சிறு கீறல் உயிரைக் குடித்துவிடும்!

20-ஆம் நூற்றாண்டில் அய்ல்மர் என்ற பறவைப் பழக்குநர் இதற்கு ஒரு வழி கண்டார். ஓசூர் கைக்கடிகாரங்களுக்குப் பேர்போன ஊர். கடிகாரப் பட்டை மணிக்கட்டைச் சுற்றி இருப்பதுபோல, பறவையின் காலைச் சுற்றி அகலமான ஒரு தோல் பட்டை. உங்கள் ஷூவில் கயிறு கோக்கும் ஓட்டையைச் சுற்றி உலோக வளையம் இருக்கிறதே, அப்படி ஒரு பித்தளை ஓட்டை அந்தப் பட்டையில் இருக்கும். வாரை அந்த ஓட்டை வழியாக நுழைத்துவிடுவார்கள். வாரின் ஒரு முனையில் முடிச்சு இருப்பதால் அது உருவிக்கொண்டு போகாது.

இதனால் என்ன லாபம்? வாரை எப்போது வேண்டுமானாலும் உருவிவிடலாம். பறக்கவிடும்போது கீறல் உள்ள வாரை எடுத்துவிட்டு, கீறலே இல்லாத வாரை மாட்டலாம். பறவை தொலைந்தே போனாலும், அதுவே அலகால் கடித்து வாரை உருவிப் போட்டுவிட முடியும். பழைய வார் பிடித்துவைக்க மட்டும் தெரிந்தது. புதிய வாருக்கு விட்டுவிடவும் தெரிந்தது!

இருட்டே மருந்து

அடுத்து வருவது ஒரு குட்டித் தோல் தொப்பி. கண்ணை முழுக்க மூடிவிடும். அலகுக்கு மட்டும் வழி இருக்கும். உச்சியில் ஒரு குஞ்சம். அது அழகுக்கு மட்டுமல்ல, தொப்பியைப் பிடித்துக் கழற்றும் கைப்பிடியும் அதுதான்.

ராஜாளிக்குக் கண்தான் எல்லாம். எதைக் கண்டாலும் பயமோ ஆசையோ வந்து படபடவென்று சிறகடிக்கும். கண்ணை மூடியதும், இரவு வந்துவிட்டது போல அமைதியாகிவிடும். கூட்டமோ, வண்டிச் சத்தமோ அதை அவ்வளவாகக் கலக்குவதில்லை. தொப்பியின் பின்புறம் இறுக்கவும் தளர்த்தவும் குட்டி வார்கள் உண்டு. ஒரு கையில் பறவை இருக்கிறதே, எப்படி இழுப்பது? ஒரு வாரை மற்றொரு கையாலும் இன்னொன்றைப் பல்லாலும் பிடித்து இழுப்பார்கள்!

இந்தத் தொப்பியை ஐரோப்பியர்கள் அரபியர்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டார்கள். 13-ஆம் நூற்றாண்டில் ஆண்ட பேரரசர் இரண்டாம் பிரெடரிக் பறவை வேட்டை பற்றிப் பெரிய புத்தகமே எழுதியவர். அரபியர்களைப் பார்த்தே தொப்பி போடப் பழகினேன் என்று அதில் சொல்லியிருக்கிறார். இந்தியாவுக்கும் தனி வகைத் தொப்பி உண்டு. ஒரே துண்டுத் தோலில் வெட்டித் தைத்தது அது.

கிண்கிணி முதல் ரேடியோ வரை

காலில் இன்னொரு சாமானும் உண்டு. அது மணி! சலங்கை மணி அளவே இருக்கும். பறவை இரையைப் பிடித்துக்கொண்டு புதருக்குள் இறங்கிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால், அசையும்போது மணி காட்டிக்கொடுத்துவிடும். லாகூரில் செய்த மணிகளுக்கு ஐரோப்பாவிலேயே மதிப்பு இருந்தது. இரண்டு காலிலும் ஒரே சுருதியில் மணி கட்டமாட்டார்கள். ஒன்று கொஞ்சம் ஏற்றமாகவும் மற்றொன்று கொஞ்சம் இறக்கமாகவும் இருந்தால்தான் தூரத்திலிருந்தும் காதில் தெளிவாக விழும்.

இப்போது மணியோடு ரேடியோ கருவியும் சேர்ந்துகொண்டது. விரல் நுனி அளவுள்ள கருவி, பல கிலோமீட்டர் தூரத்திலிருந்தும் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்லிவிடும்.

கையுறை, கட்டை, தராசு

வேட்டைப் பறவையின் ஆயுதம் அலகு அல்ல, நகம்தான். அதன் கால் விரல்கள் ஒன்றைப் பிடித்தால் பூட்டுப் போட்டதுபோல இறுகிவிடும். அதனால் கெட்டித் தோல் கையுறை அவசியம். கஜகஸ்தான், மங்கோலியா பக்கம் பொன்னாங்கழுகையே பழக்குகிறார்கள். அது ஐந்து, ஆறு கிலோகூட இருக்கும். குதிரைமேல் போகும்போது கை வலிக்காதா? அதற்காகச் சேணத்தில் ஒரு மரக்கவையைப் பொருத்திக் கையை அதன்மேல் வைத்துக்கொள்கிறார்கள்.

உட்காரும் இடத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. ராஜாளி பாறையில் உட்காரும் பறவை. அதற்குத் தட்டையான கட்டை வேண்டும். வல்லூறு மரக்கிளையில் உட்காரும் பறவை. அதற்கு வில்போல வளைந்த கம்பி வேண்டும். மாற்றி வைத்தால் பாதத்தில் அழுத்தம் ஏற்பட்டு வீங்கிப் புண் வந்துவிடும். அந்தப் புண் முற்றினால் பறவை நிற்கவே முடியாது.

பையில் கடைசியாக இருப்பவை இரண்டு. ஒன்று, இறகுகளைக் கட்டிய கயிறு. இதைச் சுழற்றினால் இரை பறப்பதுபோலத் தெரியும், பறவை தேடி வரும். மற்றொன்று தராசு. ஆமாம், தராசுதான்! பறவையைத் தினமும் எடை போட்டுக் குறித்துவைப்பார்கள். எடை கூடிவிட்டால், வயிறு நிறைந்திருக்கிறது, கூப்பிட்டால் வராது என்று பொருள். எடை குறைந்துவிட்டால் உடம்புக்கு ஆபத்து. சின்னப் பறவைக்கு ஐந்து, பத்து கிராம் வித்தியாசமே பெரிய விஷயம்.

அப்படியென்றால் பறவை பாசத்தால் திரும்பி வருவதில்லையா? நாய்க்குட்டி மாதிரிப் பாசம் காட்டுவதில்லை. 'இவரிடம் சாப்பாடு கிடைக்கும், இவர் என்னை ஒன்றும் செய்யமாட்டார்' என்ற நம்பிக்கைதான் அதைத் திருப்பி அழைத்து வருகிறது. பாலைவன அரபியர்கள் முற்காலத்தில் குளிர்காலத்துக்கு முன்பு ராஜாளியைப் பிடித்துப் பழக்குவார்கள். வேட்டைக் காலம் முடிந்ததும் வாரை அவிழ்த்து மீண்டும் வானத்துக்கே அனுப்பிவிடுவார்கள்.

ஓர் இனத்தையே மீட்ட கதை

அமெரிக்காவில் ஒரு காலத்தில் டி.டி.டி. என்ற பூச்சிமருந்தை அள்ளித் தெளித்தார்கள். பூச்சியைத் தின்ற குருவி, குருவியைத் தின்ற ராஜாளி என்று மருந்து உடம்பு மாறி உடம்பு மாறிச் சேர்ந்தது. ராஜாளி இட்ட முட்டைகளின் ஓடு மெலிந்துபோய், அடைகாக்கும்போதே உடைந்தது. நாட்டின் கிழக்குப் பகுதியில் பைரி என்ற ராஜாளி இனமே இல்லாமல் போய்விட்டது.

1970-ல் டாம் கேட் என்ற பேராசிரியர் தம் நண்பர்களோடு ஓர் அமைப்பைத் தொடங்கினார். அவர் ராஜாளி பழக்கத் தெரிந்தவர். அந்தப் பழைய கலையில் கற்ற வித்தைகளை வைத்தே குஞ்சுகளை வளர்த்துக் காட்டில் விட்டார்கள். 1972-ல் அங்கே டி.டி.டி.க்குத் தடை வந்தது. 1999-ல் பைரி, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பிடிக்கத் தெரிந்த கைகளே காப்பாற்றவும் செய்தன!

நம் ஊரில் வளர்க்கலாமா?

கூடாது! இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, வல்லூறு, ராஜாளி, பருந்து எதையும் பிடிப்பதும், வளர்ப்பதும், விற்பதும் குற்றம்.

அதற்காக ஏங்க வேண்டாம். வைரி என்றும் வல்லூறு என்றும் நாம் சொல்லும் 'சிக்ரா' நம்மைத் தேடி ஊருக்குள்ளேயே வருகிறது. புறா அளவு இருக்கும். வெளுத்த மார்பில் செம்பழுப்புக் கோடுகள். பள்ளிக்கூட மரம், ஏரிக்கரை, மாந்தோப்பு எங்கும் பார்க்கலாம். வளர்ந்த ஆணுக்குக் கண் சிவப்பு. பெண்ணுக்கு மஞ்சள் கலந்த ஆரஞ்சு. உருவத்தில் பெண்தான் பெரியது. ஓணான், எலி, வெட்டுக்கிளி எல்லாம் அதன் சாப்பாடு. வட இந்தியாவில் பறவை பழக்கக் கற்றுக்கொள்பவர்கள் முதலில் கையில் ஏந்தியது இந்தப் பறவையைத்தான்.

கட்டாத காலணி

பறவையின் காலில் மாட்டினாலும் பறவையைக் கட்டாத சாமான் ஒன்று இருக்கிறது. அதுதான் எண் பொறித்த அலுமினிய வளையம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் நம் கோடியக்கரையில் பல ஆண்டுகளாகப் பறவைகளுக்கு இதை மாட்டி அனுப்புகிறார்கள். அதே பறவை வேறு ஊரில் கிடைத்தால், எங்கிருந்து எங்கே போயிற்று என்று தெரிந்துவிடும்.

முதுகில் மாட்டும் கருவியும் உண்டு. நாகாலாந்தின் டோயாங் நீர்த்தேக்கத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் அமூர் ராஜாளிகள் பெருங்கூட்டமாக வரும். 2012-ல் அங்கே ஆயிரக்கணக்கில் அவற்றை வலைபோட்டுப் பிடித்துக் கொன்றார்கள். செய்தி வெளியானதும் ஊரே விழித்துக்கொண்டது. மறு ஆண்டே ஊர்மக்கள் வலைகளை விட்டுவிட்டுக் காவலுக்கு நின்றார்கள். 2013 நவம்பரில் விஞ்ஞானிகள் மூன்று பறவைகளுக்கு 5 கிராம் எடையுள்ள கருவிகளை மாட்டினார்கள். நாகா, வோக்கா, பங்டி என்று பெயரும் வைத்தார்கள். பறவையின் எடையோ சுமார் 150 கிராம்தான். அவை இந்தியாவைக் குறுக்கே கடந்து, அரபிக்கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் பறந்ததை விஞ்ஞானிகள் கம்ப்யூட்டர் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்!

மாஞ்சாவில் சிக்கினால்...

வானத்தில் ஒரு மோசமான 'வார்' தொங்குகிறது. அது பட்டம் விடும் மாஞ்சா நூல். கண்ணாடித் தூள் பூசிய நூல், நைலான் நூல் இரண்டும் மரக்கிளைகளில் சிக்கிக் கிடந்து பறவைகளின் இறக்கையை அறுக்கின்றன. காலைச் சுற்றிக்கொண்டால் கழற்றவும் முடியாது. 2017-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இப்படிப்பட்ட நூல்களுக்கு நாடு முழுவதும் தடை விதித்தது. சாதாரணப் பருத்தி நூலில் பட்டம் விடுங்கள். அறுந்த நூலைக் கண்டால் எடுத்துச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

அடிபட்ட வல்லூறு ஒன்று உங்கள் தெருவில் விழுந்தால் என்ன செய்வீர்கள்? பையில் பார்த்த சாமான்களை நினைவுக்குக் கொண்டுவாருங்கள்.

* தனியாகத் தொடாதீர்கள். பெரியவர்களைக் கூப்பிடுங்கள். அலகைவிட நகம்தான் ஆபத்து.

* கையுறைக்குப் பதில் தடிமனான துண்டு. பெரியவர் ஒருவர் அதைப் பறவையின்மேல் மெதுவாகப் போர்த்தி எடுக்கட்டும்.

* தொப்பிக்குப் பதில் இருட்டு. காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடுங்கள். இருட்டானதும் பறவை அமைதியாகும்.

* வாயைப் பிளந்து தண்ணீரோ சாப்பாடோ ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயில் போய்விடும். மஞ்சள், சுண்ணாம்பும் வேண்டாம்.

* காலில் நூல் கட்டாதீர்கள். ஏற்கெனவே சுற்றியிருந்தால் பிடித்து இழுக்காதீர்கள். மருத்துவர் வெட்டி எடுப்பார்.

* உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். பறவையைப் பெட்டியோடு ஒப்படையுங்கள்.

'வளர்த்துக்கொள்கிறேனே' என்று தோன்றும். தோன்றத்தான் செய்யும்! ஆனால், பறவை பழக்குவதில் கைதேர்ந்தவர்களே தலைமுறை தலைமுறையாக யோசித்துக் கண்டுபிடித்த நல்ல வார் எது தெரியுமா? சுலபமாகக் கழற்றக்கூடிய வார்!

தெரியுமா?

* அரக்கோணத்தில் உள்ள கடற்படை விமானத் தளத்தின் பெயர் ஐ.என்.எஸ். ராஜாளி. ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் உள்ள தளம் ஐ.என்.எஸ். பருந்து.

* இரையைக் கண்டு தலைகீழாகப் பாயும்போது பைரியின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேல்!

* வேட்டைப் பறவை பழக்கும் கலையை 2010-ல் யுனெஸ்கோ மனிதகுலப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2021-ல் அதில் 24 நாடுகள் இடம்பெற்றிருந்தன.

* அக்காக்குயில் பார்ப்பதற்கு அச்சு அசலாக வல்லூறு போலவே இருக்கும். அதைக் கண்டு சின்னக் குருவிகள் பயந்து கூச்சல் போடும்!